எல்லா லாட்டிலும் 6.00: ஒரு பனியன் கம்பெனி ஈஆர்பி வாங்கிய கதை

இது திருப்பூரில் உள்ள ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஈஆர்பி (குடோன், உற்பத்தி, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் சாப்ட்வேர்) வாங்கியதையொட்டி, 2021 கடைசி முதல் 2024 நடுப்பகுதி வரை நடந்ததைப் பற்றிய நிகழ்வு ஆய்வு. அடக்கவிலைக் கணக்கு பார்க்கும் ஆளாக நான் வெளியிலிருந்து உள்ளே போனது 2022 அக்டோபரில். அதற்கு முந்தைய பகுதி, அங்கே இருந்தவர்கள் சொன்னதையும் மின்னஞ்சல்கள், கூட்டக் குறிப்புகளையும் வைத்து எழுதியது. நிறுவனத்தையோ ஆட்களையோ சாப்ட்வேர் விற்றவரையோ அடையாளம் காட்டும் விவரம் எதையும் எழுதவில்லை.

பின்னணி

நிறுவனம் சொந்தமாகச் செய்வது கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங். நிட்டிங், டையிங் (சாயம் போடுதல்), காம்பாக்டிங் (துணி பின்னால் சுருங்காதபடி அழுத்திச் சீராக்குதல்), பிரிண்டிங் எல்லாம் வெளியே ஜாப் ஒர்க், அதாவது நம் சரக்கைக் கொடுத்துக் கூலிக்குச் செய்து வாங்குவது. ஊரில் பெரும்பாலான ஏற்றுமதியாளர்கள் இப்படித்தான். ஆண்டு விற்பனை 50 கோடியைக் கொஞ்சம் தாண்டும். ஆரம்பித்தவர் பெரியவர். மகன் எம்பிஏ முடித்து வந்து சில வருடமாக நிர்வாகம் பார்க்கிறார். ஆட்கள் அவரைச் 'சின்னவர்' என்பார்கள்.

ஒரு டீ-ஷர்ட்டுக்கான நூல் கம்பெனி குடோனிலிருந்து நிட்டிங்குக்குப் போகிறது. அங்கிருந்து கிரே துணியாக (சாயம் போடாத துணியாக) திரும்பி டையிங்குக்கு, பிறகு காம்பாக்டிங்குக்கு, சில சமயம் பிரிண்டிங்குக்கு. ஒவ்வொரு தடவையும் ஒரு டெலிவரி சலான், ஒரு எடை. ஒவ்வொரு தடவையும் எடை கொஞ்சம் குறையும். ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 143-ன்படி ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பியாக வேண்டும். போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு, வழியில் இழந்தது எவ்வளவு என்பதை ஐடிசி-04 என்ற ரிட்டனில் காட்ட வேண்டும். 2021 அக்டோபரிலிருந்து இந்த அளவு நிறுவனங்களுக்கு அது அரையாண்டு ரிட்டன்.

அதுவரை கணக்குக்கு டேலி. ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்களுக்கு ஆளுக்கு ஒரு எக்செல். குடோனில் கையால் எழுதும் சலான் புத்தகம், வெள்ளை மஞ்சள் சிவப்பு என்று மூன்று நகல். அதோடு குடோன்காரர் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு. இந்த நோட்டுத்தான் பின்னால் முக்கியமாகப் போகிறது.

2021-ல் நூல் விலை ஏற ஆரம்பித்தது. ஏறியது இறங்கவே இல்லை. அடுத்த வருடம் மே மாதம் ஊரே இரண்டு நாள் கம்பெனிகளை அடைத்துப் போராடும் அளவுக்குப் போனது. விலை குறைவாக இருந்தபோது கிலோவுக்கு நாலு பைசா கணக்கில் விட்டுப்போனால் யாரும் தேட மாட்டார்கள். இப்போது தேடினார்கள். முடிந்துபோன ஒரு ஆர்டரை எடுத்து, "இதுக்கு எத்தனை கிலோ நூல் வாங்குனோம், எத்தனை கிலோ பீஸா வெளிய போச்சு?" என்று பெரியவர் கேட்டார். பதில் வர மூன்று வாரம் ஆயிற்று. வந்த பதிலும் இரண்டு பேரிடமிருந்து இரண்டு விதமாக. ஈஆர்பி வாங்கலாம் என்று முடிவானது அந்த வாரம்தான்.

தேர்வு

நான்கு பேர் டெமோ காட்டினார்கள். இருவர் ஆயத்த ஆடைத் தொழிலுக்கென்றே சாப்ட்வேர் செய்யும் கோவை, திருப்பூர் ஆட்கள். ஒருவர் பெரிய வெளிநாட்டு மென்பொருளின் ஏஜென்ட். நான்காமவருடையது முழுக்க கிளவுடில் இயங்குவது.

சின்னவர் முறையாகத்தான் செய்தார். 140 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் தயாரித்து நான்கு பேருக்கும் அனுப்பினார். நான்கு பேரும் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் 'இருக்கிறது' என்று டிக் அடித்து அனுப்பினார்கள். அந்தப் பட்டியலை நான் பார்த்தேன். "டையிங் இழப்பைக் கணக்கிடும் வசதி உண்டா?" என்பது 61-வது கேள்வி. நால்வரிடமும் உண்டு. இழப்பு எத்தனை சதவீதம் என்று முன்கூட்டியே தெரியாதபோது சாப்ட்வேர் என்ன செய்யும் என்று பட்டியலில் இல்லை. அதைக் கேட்கத் தெரிந்தவர் குடோனில் இருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை.

உள்ளூர்க்காரர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்குச் சொன்ன காரணங்களில் எனக்குக் குறை இல்லை. பெரிய மென்பொருளின் லைசென்ஸ் விலை கட்டுப்படியாகாது. ஏதாவது நின்றுபோனால் அரை மணி நேரத்தில் ஒருவர் வண்டி எடுத்து வந்துவிட வேண்டும். ஜாப் ஒர்க், சலான், டயா (பின்னிய துணிக் குழாயின் அளவு), ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) என்று சொன்னால் விளக்கம் கேட்காமல் புரிந்துகொள்ள வேண்டும். இதற்கெல்லாம் உள்ளூர் ஆள்தான் சரி.

ஏற்கனவே அதைப் பயன்படுத்தும் இடத்தைப் பார்க்க ஒரு சொந்தக்காரர் கம்பெனிக்குப் போனார்கள். முதலாளி அறையில் பெரிய திரையில் வண்ண வண்ணமாக வரைபடங்கள் ஓடின. காபி குடித்துவிட்டு வந்தார்கள். குடோன் அதே காம்பவுண்டில் பின்னால்தான் இருந்தது.

கடைசி டெமோவில் நடந்த ஒன்றைக் கூட்டக் குறிப்பிலிருந்து எடுத்துச் சொல்ல வேண்டும். டையிங்கிலிருந்து வரும் துணியின் எடை, அனுமதித்த இழப்பைவிட அதிகமாகக் குறைந்தால் திரை பூட்டிக்கொள்ளும், மேலாளர் ஒப்புதல் தந்தால்தான் திறக்கும் என்று விற்பனையாளர் காட்டினார். "இதுதான் நமக்கு வேணும்" என்று சின்னவர் சொன்னதாகக் குறிப்பு. நூல் விலை இருந்த நிலையில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். இழப்புக்கு 6 சதவீதம், இரண்டு பக்கமும் 1 சதவீதம் வரை கூடுதல் குறைவு என்று அங்கேயே வைத்து முடித்தார்கள். 6 எங்கிருந்து வந்தது என்று பிறகு விசாரித்தேன். காஸ்டிங் போடும்போது மெர்ச்சண்டைசர்கள் வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் எண் அது.

நிறுவுதல்

மாஸ்டர், அதாவது துணி, நிறப் பெயர்களை ஒழுங்குபடுத்திய மூலப் பட்டியல், தயாரிப்பதில் இரண்டு மாதம் போயிற்று. ஒரே ரிப் துணி பழைய எக்செல்களில் முப்பதுக்கும் மேற்பட்ட பெயர்களில் இருந்தது. 'நேவி' என்பது ஒரு பையருக்கு (ஆர்டர் கொடுத்து வாங்குபவருக்கு) ஒரு நிறம், இன்னொருவருக்கு வேறு. இந்த வேலையைச் செய்த பெண்ணுக்கு அப்போது 23 வயது. இந்தத் திட்டத்தில் நடந்த நல்ல காரியங்களில் முதலாவது அவருடைய மாஸ்டர். இன்றுவரை அதில் பெரிய பிழை எதுவும் வரவில்லை.

எப்போது தொடங்குவது என்பதில் தகராறு. ஏப்ரல் 1, புதுக் கணக்காண்டு, ஆரம்ப இருப்பு சுத்தமாக இருக்கும் என்றது கணக்குப் பிரிவு. கோடை ஆர்டர்கள் கப்பல் ஏறும் கடைசி நேரம், ஜூன் ஜூலைக்குத் தள்ளுங்கள் என்றது உற்பத்தி. கணக்குப் பிரிவு ஜெயித்தது. பரபரப்பான பருவத்தை ஒட்டிப் புது முறைக்கு மாறி அடிபட்டவர்கள் உலகத்தில் நிறைய. அமெரிக்காவின் ஹெர்ஷீஸ் சாக்லேட் நிறுவனம் 1999 ஜூலையில் மாறியது. அந்த வருட ஹாலோவீனுக்குச் சுமார் 100 மில்லியன் டாலர் ஆர்டரை, சரக்கு கையில் இருந்தும் கொடுக்க முடியாமல் நின்றது. இங்கே அவ்வளவு பெரிய விபத்து நடக்கவில்லை. நடந்தது வேறு. பரபரப்பில் யாரும் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள நேரமில்லாமல், திரை எதை ஏற்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகப் பழகிவிட்டார்கள். பழகியது ஜூலையில் கூட்டம் குறைந்த பிறகும் மாறவில்லை.

பயிற்சி மொத்தம் மூன்று நாள். குடோன்காரருக்குக் கிடைத்தது ஒரு மதியம்.

முதல் ஆறு மாதம்

வெளியே பார்த்தால் எல்லாம் நன்றாக இருந்தது. சலான் அச்சாகி வந்தது. சின்னவர் போனில் ஆர்டர்வாரி நிலவரம் பார்த்தார். டேலிக்குள் பில்கள் தானாகப் போய் விழுந்தன. ஜூன் மாதக் கூட்டக் குறிப்பில் 'டையிங் இழப்பு கட்டுக்குள் வந்துவிட்டது' என்று ஒரு வரி இருக்கிறது.

அதற்குப் பதிலாக இன்னொரு எண் ஏறியது. கட்டிங் வேஸ்ட். வழக்கமாக 12 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ரிப்போர்ட்டில் 13.5 காட்டியது. ஜூலையிலும் அதே. கட்டிங் மாஸ்டர் அந்தக் கம்பெனியில் பதினோரு வருடம் இருந்தவர். ஆகஸ்ட் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அவரிடம் கேட்டார்கள். லே போடுவதில் (துணியை அடுக்குவதில்) எதுவும் மாறவில்லை, மார்க்கரும் (வெட்டும் வரைபடமும்) அதேதான் என்றார். ரிப்போர்ட் பொய் சொல்லுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். செப்டம்பரில் தன் செட்டு ஆட்கள் ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்.

அக்டோபரில் தீபாவளிக்கு முன் இருப்பு எடுத்தார்கள். கணினியில் இருந்த துணி குடோனில் இல்லை. அந்த வருடம் தீபாவளி 24-ஆம் தேதி. அரையாண்டு ஐடிசி-04 ரிட்டனின் கடைசித் தேதி 25. ஆடிட்டர் கையெழுத்துப் போட யோசித்தார். என்னைக் கூப்பிட்டார்கள்.

கண்டது

முதல் நாள் நான் செய்தது ஒன்றே ஒன்று. மே முதல் செப்டம்பர் வரை டையிங்கிலிருந்து வந்த 486 லாட்டுகளை (சேர்த்துச் சாயம் போட்ட துணித் தொகுதிகளை) இழப்பு சதவீதத்தின்படி வரிசைப்படுத்தினேன். மேலே சில 7-கள். கீழே சில 5-கள். நடுவில் பக்கம் பக்கமாக 6.00, 6.00, 6.00. எண்ணியபோது 391.

துணி அப்படிக் குறையாது. பயோ வாஷ் (நொதி கலந்து அலசுதல்) கொடுத்தால் மேல்நார் கழன்று எடை போகும். ஃப்ளீஸ் துணியை ரைசிங் செய்தால் (மேற்பரப்பைப் பிறாண்டி நாரைக் கிளப்பினால்) பஞ்சாகப் பறந்து இன்னும் போகும். பருத்தி காற்றின் ஈரத்தை இழுக்கும். அதன் தர ஈரப்பதம் 8.5 சதவீதம். வெயில் நாளில் அனுப்பி மழை நாளில் வாங்கினால், அந்த வேறுபாடே சில கிலோ வரும். ஐந்தில் நாலு லாட் இரண்டு தசம இடம் வரை ஒரே எண்ணில் நிற்கிறது என்றால் அந்த எண்ணைத் தராசு சொல்லியிருக்க முடியாது.

மறுநாள் சாயங்காலம் குடோனில் போய் உட்கார்ந்தேன். ஏழு மணிக்கு டையிங்கிலிருந்து டாடா ஏஸ் வந்தது. 17 ரோல். ஒவ்வொன்றையும் பிளாட்பாரத் தராசில் ஏற்றி, பாலிதீன் உறைமேல் மார்க்கரால் எடை எழுதினார்கள். குடோன்காரர் நோட்டில் கூட்டினார்: 379.400. கணினிக்கு வந்தார். அனுப்பியது 412.500 என்று திரையில் இருந்தது. 379.400 என்று அடித்தார். சிவப்புப் பெட்டி, 'மேலாளர் ஒப்புதல் தேவை'. மேலாளர் ஆறரைக்கே கிளம்பியிருந்தார். கட்டிங்கில் இருந்து ஒரு பையன் ட்ராலியோடு வந்து நின்றுகொண்டிருந்தான். துணியைக் கணினியில் வரவு வைக்காமல் அவனுக்கு இஷ்யூ போட முடியாது.

குடோன்காரர் அடித்ததை அழித்தார். கால்குலேட்டரை எடுத்தார். 412.5 பெருக்கல் 0.94. கணினியில் 387.750 என்று அடித்தார். பச்சை.

என்னைப் பார்த்து, கொஞ்சமும் ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னார்: "ஏனுங்க சார், இதுக்கு எது வேணுமோ அதைக் குடுத்துட்டா வழி விட்டுருதுங்க. நெசம் நோட்டுல இருக்குதுங்க."

உண்மையான இழப்பு 8.02 சதவீதம். இந்த ஒரு லாட்டில் மட்டும் 8.35 கிலோ துணி கணினிக்குள் பிறந்தது. அது கட்டிங்குக்கு இஷ்யூ ஆகிறது. இல்லாத துணி பீஸாக வெளியே வராதல்லவா, ஆர்டரை முடிக்கும்போது சாப்ட்வேர் அதைக் கட்டிங் வேஸ்ட்டில் தள்ளிவிடுகிறது. இஷ்யூ ஆகாமல் மிச்சமான ஆர்டர்களில் அது இருப்பாக நிற்கிறது. நோட்டோடு 60 லாட்டை ஒப்பிட்டுப் பார்த்தேன். உண்மை இழப்பு 4.5 முதல் 11 வரை பரவியிருந்தது. சராசரி 7.4. ஐந்து மாதத்தில் டையிங்குக்குப் போனது சுமார் 194 டன். அதில் 1.4 சதவீதம் என்றால் இரண்டரை டன்னுக்கு மேல். கட்டிங் மாஸ்டர் தலையில் விழுந்த ஒன்றரைப் புள்ளி இதுதான்.

நோட்டில் இன்னொன்றும் இருந்தது. டையிங்காரர்கள் ஒரு லாட்டை முழுதாகத் திருப்பித் தருவதில்லை. பாதி இன்று, மீதி அடுத்த வாரம். சில சமயம் ஒரே ஷேடில் நம்முடைய இரண்டு ஆர்டர்த் துணியைச் சேர்த்துப் போட்டுவிடுவார்கள். குறைந்த கிலோவுக்கு 'அடுத்த லாட்டுல பாத்துக்கலாம்' என்று வாய்ப்பேச்சு. அதை எல்லாம் பார்ட்டிவாரியாக, எந்த ஜாப் ஒர்க்கர் என்று பிரித்து, குடோன்காரர் எழுதி வைத்திருந்தார். இன்னாரிடம் நமக்கு 22 கிலோ பாக்கி, இன்னாருக்கு நாம் 9 கிலோ பாக்கி. சாப்ட்வேரில் ஒவ்வொரு சலானும் ஒரு ஆர்டரோடு கட்டப்பட்டது. ஆர்டர் தாண்டிப் பார்ட்டியோடு நிற்கும் பாக்கிக்கு அதில் இடமே இல்லை. இருந்த ஒரே நல்ல பதிவு, நாற்பது பக்க நோட்டு ஒன்றில், வியர்வை பட்டு மை கலைந்து கிடந்தது.

எடுத்த முடிவுகள்

சாப்ட்வேரை மாற்றலாமா என்று முதலில் பேசினார்கள். வேண்டாம் என்றேன். மாஸ்டர் நன்றாக இருந்தது, சலான் நன்றாக இருந்தது, தவறு ஒரு திரையில் ஒரு விதியில். வேறு எதை வாங்கினாலும் அதே விதியை அதிலும் கேட்டு வாங்கியிருப்பார்கள். சாப்ட்வேர்க்காரர் தன் பங்குக்கு மொபைல் ஆப் ஒன்றை விற்கப் பார்த்தார், மேலாளர் வீட்டிலிருந்தே ஒப்புதல் தரலாம் என்று. இரவு ஏழரைக்கு வரும் ஒப்புதல் கோரிக்கையை மேலாளர் பார்க்காமலே அழுத்துவார், அவ்வளவுதான் வித்தியாசம். அதையும் விட்டோம்.

முதலில் அந்தப் பூட்டை எடுத்தோம். எந்த எடையையும் திரை ஏற்கும். வழக்கத்துக்கு மாறாக இருந்தால் கொடி விழும். மறுநாள் காலை பத்து மணிக்கு மேலாளர் அந்தப் பட்டியலைப் பார்த்து டையிங்குக்குப் போன் போடுவார். சின்னவருக்கு இது பிடிக்கவில்லை. கட்டுப்பாடே போய்விடும் என்றார். பூட்டு இருந்த இத்தனை மாதத்தில் அது பிடித்த திருட்டு எத்தனை என்று கேட்டேன். பெரியவர்தான், "எடுத்துருப்பா" என்று முடித்தார்.

6 என்ற ஒற்றை எண்ணுக்குப் பதில், துணி வகை, ஷேட், செய்யும் வேலை மூன்றையும் சேர்த்து ஒரு அட்டவணை போட்டோம். அதற்கான எண்கள் நோட்டிலிருந்து வந்தவை. மாஸ்டர் செய்த அதே பெண் மூன்று வாரம் குடோன்காரர் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று நோட்டுகளை ஏற்றினார். அந்தப் பெண்ணால் படிக்க முடியாத எழுத்தைக் குடோன்காரர் படித்துச் சொன்னார். பார்ட்டிவாரி பாக்கிக்கு ஒரு புதுத் திரை கேட்டோம். அதற்குத் தனியாகப் பணம் கேட்டார்கள், கொடுத்தோம். ஆடிட்டர் ஒப்புக்கொண்ட ஒரு பட்டியலை வைத்து ஐந்து மாதக் கணக்கும் திருத்தப்பட்டது. ஐடிசி-04-ல் இழப்புக்கு என்றே கட்டம் உண்டு. அதில் நோட்டின் எண்தான் போயிற்று.

தையல் லைன்களில் மணிக்கு ஒருமுறை உற்பத்தியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பெண்களுக்கு நாள் முழுக்க அதுவே வேலை. அந்த ரிப்போர்ட்டை யார் திறக்கிறார்கள் என்று லாகின் பார்த்தோம். மே மாதத்துக்குப் பிறகு ஒருவரும் திறக்கவில்லை. லைன் சூப்பர்வைசர்கள் கரும்பலகையைப் பார்த்துத்தான் வேலை செய்தார்கள். அந்த மாட்யூலை நிறுத்தினோம். மெர்ச்சண்டைசர்களின் எக்செலைத் தொடவில்லை. பையர் அனுப்பும் வடிவமே எக்செல்.

என் தவறு இரண்டைச் சொல்ல வேண்டும். தராசைக் கணினியோடு நேரடியாக இணைத்தால் பொய் எண் வராது என்று நினைத்து அதற்குச் செலவு செய்ய வைத்தேன். ட்ராலி ஏறி ஒரே மாதத்தில் இரண்டு முறை கேபிள் அறுந்தது. ரோல் ரோலாக ஏற்றும் இடத்தில் எந்த எடை எந்த லாட்டுக்கு என்று யாராவது சொல்ல வேண்டும். அந்த 'யாராவது' கையால் அடிப்பவர்தான். இரண்டாவது, சின்ன நோட்டை நிறுத்தச் சொன்னேன். பெரியவர் கேட்கவில்லை. "அது அவரு கண்ணாடி மாதிரி, எடுத்தா தடுமாறிப் போயிருவாரு" என்றார். அவர் சொன்னதுதான் சரி. திரையில் தவறு இருந்தால் கண்டுபிடிக்க அடுத்த ஒரு வருடம் அந்த நோட்டுத்தான் உதவியது.

பின்னர் நடந்தவை

2023 ஜனவரியில் புது முறை தொடங்கியது. முதல் இரண்டு மாதம் ரிப்போர்ட்டில் டையிங் இழப்பு எகிறியதுபோல் தெரிந்தது. உண்மை அப்போதுதான் உள்ளே வர ஆரம்பித்திருந்தது. ஒரு டையிங் மட்டும் தொடர்ந்து மற்றவர்களைவிட 2 சதவீதம் அதிகம் இழப்பது மார்ச்சுக்குள் தெரிந்தது. அவர்களிடம் பேசினார்கள். மனக்கசப்புத்தான். சாயக் கழிவைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரிக்கும் செலவு 2011-க்குப் பிறகு அந்தத் தொழிலின் முதுகில் ஏறியிருக்கிறது. கூலியில் மிச்சம் இல்லாதவர் எடையில் பார்க்கிறாரா, இல்லை மெஷின் பழசா என்று எங்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவர்களுக்கு ஃப்ளீஸ் கொடுப்பதை மட்டும் நிறுத்தினார்கள்.

அந்த வருட மார்ச் இருப்பில் கணினிக்கும் குடோனுக்கும் இடையிலான வேறுபாடு, தீபாவளியில் இருந்ததில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைந்தது. கட்டிங் வேஸ்ட் 12-க்கு இறங்கியது. கட்டிங் மேசையில் யாரும் எதுவும் மாற்றவில்லை. பெரியவர் பழைய கட்டிங் மாஸ்டருக்கு அவரே போன் செய்தார். மாஸ்டர் மரியாதையாகப் பேசினார், திரும்பி வரவில்லை. புது மாஸ்டர் வந்த பிறகு செக் டிசைன் துணியில் பொருத்தம் தவறி ஒரு லாட்டே டேமேஜ் ஆனது. ஈஆர்பிக்கு ஆன செலவு என்று இவர்கள் சொல்லும் தொகையில் அது சேராது.

பார்ட்டி பாக்கித் திரை எதிர்பாராத இடத்தில் உதவியது. சிறு, குறு நிறுவனங்களுக்குக் குறித்த கெடுவுக்குள் (அதிகபட்சம் 45 நாள்) பணம் கொடுக்காவிட்டால் அந்தச் செலவை அந்த வருடக் கணக்கில் கழிக்க முடியாது என்று வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) வந்தது. 2023-24 கணக்காண்டிலிருந்து அது அமல். ஜாப் ஒர்க்கர்களில் பலர் அந்த வகை. முன்பு எடைத் தகராறு தீரும்வரை பில்லை மேசையிலேயே வைத்திருப்பார்கள். இப்போது பாக்கி தனியாக நிற்பதால் தகராறு இல்லாத பகுதிக்கு நேரத்தில் பணம் போகிறது.

பெரியவரின் முதல் கேள்விக்கு, எத்தனை கிலோ நூல் எத்தனை கிலோ பீஸ் என்பதற்கு, இப்போது ஒரு நாளில் பதில் வரும். ஒரே ஷேடில் இரண்டு ஆர்டர் கலந்துவிட்டால் மட்டும் பிரிப்பது இன்னமும் ஊகம்தான். பதிலோடு அதையும் சேர்த்துச் சொல்லப் பழகியிருக்கிறார்கள்.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

140 கேள்வியில் 120-ஐ விட்டிருக்கலாம். சென்ற மாதம் வந்த உண்மையான பத்து சலான்களை, குறைந்து வந்தது, பாதி வந்தது, கலந்து வந்தது எல்லாம் சேர்த்து, நான்கு விற்பனையாளர்களிடமும் கொடுத்து 'இதை ஏற்றிக் காட்டுங்கள்' என்று சொல்லியிருந்தால் ஒரு நாளில் தெரிந்திருக்கும். சொந்தக்காரர் கம்பெனியில் முதலாளி அறையோடு திரும்பியிருக்கக் கூடாது.

கணக்குப் பிரிவு கேட்டபடி ஏப்ரல் 1-க்கே கணக்கை மாற்றி, குடோனை ஜூலைக்குத் தள்ளியிருக்கலாம். இரண்டும் ஒரே நாளில் மாற வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மூன்று மாதம் இரட்டை வேலைதான், ஆனால் அவர்கள் எப்படியும் ஆறு மாதம் இரட்டை வேலை பார்த்தார்கள்.

ஜூனில் 'இழப்பு கட்டுக்குள் வந்துவிட்டது' என்று எழுதிய அன்று யாராவது ஒருவர் சந்தோஷப்படுவதற்கு முன் அந்த 6.00 வரிசையைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். நான் இருந்திருந்தால் பார்த்திருப்பேனா என்று தெரியாது. நல்ல எண்ணை யாரும் சந்தேகப்படுவதில்லை. கட்டிங்கின் கெட்ட எண்ணைத்தான் எல்லோரும் துருவினார்கள். அதையும் ரிப்போர்ட்டில் மட்டும் துருவினார்கள். ஒரு ரோலை மறுபடி தராசில் ஏற்றவில்லை.

குடோன்காரருக்கு வரும் சித்திரையோடு வேலை முடிகிறது. அவர் இடத்துக்கு டிப்ளமோ படித்த 24 வயதுப் பையனைப் பழக்குகிறார்கள். கணினியில் கை வேகம். போன வாரம் நான் போனபோது ஒரு ரிப் லாட்டுக்கு இழப்பு 3.1 என்று ஏற்றிக்கொண்டிருந்தான். திரை ஏற்றுக்கொண்டது, கொடியும் விழுந்தது. பெரியவர் வயதுள்ள அந்த மனிதர் ரோலைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஈரமா இருக்குது தம்பி. நாளைக்கு மத்தியானம் மறுபடி போடு."